ஜாதிக் கோழியும் கண்காட்சிப் பரிசும்

கோழி வளர்ப்பில் சிரத்தையுள்ள குடியானவர்களுள் சிலர், சுத்த ஜாதிக் கோழிகளைக் கண்காட்சிக்கென்றே வளர்த்து வருகின்றனர். ஒரு ஜாதிக்குரிய இலட்சணங்களைக் குறைவின்றி வம்சத்தில் நிலைக்கச் செய்து, நடுவர் முன் வைத்துப் பரிசு பெறுவது எளிய காரியமன்று. அதற்குப் பொறுமையும், கூரிய பார்வையும், ஒழுங்கான கணக்கும் வேண்டும். ஆயினும் இம்முயற்சியைக் குறித்து நம்மவருள் இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. "இது பொழுதுபோகாத பணக்காரர் விளையாட்டு, விவசாயிக்கு இதனால் பிரயோஜனமில்லை" என்பது ஒன்று. "பரிசு பெற்ற கோழியே சிறந்த கோழி, அதன் முட்டையை என்ன விலை கொடுத்தும் வாங்கலாம்" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தவறு என்பதே என் கருத்து. அதன் காரணங்களை எடுத்துரைத்து, வளர்ப்போரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலட்சண அட்டவணை ஏற்பட்ட விதம்

இங்கிலாந்தில் 1835-ஆம் வருஷத்துச் சட்டமும் 1849-ஆம் வருஷத்துச் சட்டமும் கோழிச் சண்டையை விலக்கின. அதற்குமுன் சண்டைக்காகக் கோழி வளர்த்தவர் பலர், அதன்பின் அழகுக்காக வளர்க்கலாயினர். 1845-ல் லண்டன் மிருகக் காட்சித் தோட்டத்தில் ஒரு பெரிய கோழிக் கண்காட்சி நடந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1849-ல் முதற் கண்காட்சி கூடிற்று. தொடக்கத்தில் எது நல்ல கோழி என்பதற்குப் பொதுவான அளவு இல்லை. நடுவர் மனம் போனதே தீர்ப்பு. இக்குறையைப் போக்க, டார்வினுக்குக் கோழி புறா ஆராய்ச்சியில் துணைநின்ற டெகட்மியர் என்பவர் 1865-ல் இலட்சண அட்டவணை ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1873-ல் ஏற்பட்டு, அடுத்த வருஷமே தன் அட்டவணையை அச்சிட்டது. அவ்வப்போது திருத்தப்பட்டு அஃது இன்றளவும் வழங்கி வருகிறது.

அட்டவணையில் ஒவ்வொரு ஜாதிக்கும் உடலமைப்பு, நிறம், கொண்டை, காது மடல், கால், எடை ஆகியவை தனித்தனியே விவரிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக, அமெரிக்க அட்டவணையின்படி லெகார்ன் சேவல் 6 ராத்தலும் பெட்டை 4½ ராத்தலும் நிற்க வேண்டும். காது மடல் வெளுத்தும், கால் மஞ்சளாகவும் இருக்க வேண்டும். ரோட் ஐலண்டு ரெட் ஜாதியில் சேவல் 8½ ராத்தல், பெட்டை 6½ ராத்தல்; காது மடல் சிவப்பு. பிளிமத் ராக் சேவலுக்கு 9½ ராத்தலும் பெட்டைக்கு 7½ ராத்தலும் குறிக்கப்பட்டுள்ளன. நூறு மதிப்பெண்களை உறுப்புக்கு இவ்வளவு என்று பங்கிட்டு, குறைக்குத் தக்கவாறு கழித்து வருவதே நடுவர் முறை.

அட்டவணையால் விளைந்த நன்மை

விதை நெல்லில் கலப்பு நேர்ந்தால் விளைச்சல் ஒரே சமயத்தில் முற்றாது என்பதைக் குடியானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோழியிலும் அப்படியே. கண்ட சேவலோடு கூடிய பெட்டையின் குஞ்சுகளுள் ஒன்று சீக்கிரம் முட்டையிடும், மற்றொன்று தாமதிக்கும், ஒன்று பருக்கும், மற்றொன்று மெலியும். எந்தக் குஞ்சு எப்படி ஆகுமென்று முன்னதாக அறிய இயலாது. அட்டவணையைக் கைக்கொண்டு வம்சத்தைக் காத்தவர்கள் இந்த நிச்சயமின்மையை ஒழித்தார்கள்.

இந்நாளில் பெரும் பண்ணைகளில் வருஷத்திற்கு 300 முட்டைக்கு மேல் இடும் கலப்புக் கோழிகள் ஆகாயத்திலிருந்து வந்தவையல்ல. வெள்ளை முட்டையிடுபவை லெகார்ன் வம்சத்திலிருந்தும், பழுப்பு முட்டையிடுபவற்றுள் பெரும்பாலானவை ரோட் ஐலண்டு ரெட் முதலிய வம்சங்களிலிருந்தும், இறைச்சிக் கோழிகள் கார்னிஷ், வெள்ளைப் பிளிமத் ராக் ஆகிய வம்சங்களிலிருந்தும் உண்டானவை. ஆதியில் இவ்வம்சங்களைக் கலப்பின்றிக் காத்தவருள் பெரும்பான்மையோர் கண்காட்சிக்காரர்களே. அவர்கள் உழைத்திராவிடில், பின்வந்தவர்களுக்கு மூலப்பொருள் கிடைத்திராது.

சுத்த வம்சம் கையில் இருந்தால் ஒருநாள் குஞ்சிலேயே ஆண் பெண் பிரிக்கவும் கூடும். பட்டை இறகுள்ள பிளிமத் ராக் பெட்டையோடு ரோட் ஐலண்டு ரெட் சேவலைச் சேர்த்தால், ஆண் குஞ்சுகள் தலையில் வெள்ளைப் புள்ளியோடு பொரிக்கும். பெண் குஞ்சுகளுக்கு அப்புள்ளி இராது. பெற்றோர் இருவரும் சுத்தமாக இருந்தாலன்றி இம்முறை பலிக்காது. ஆதலால் ஜாதி வளர்ப்பைப் பணக்காரர் விளையாட்டென்று தள்ளுவது பொருந்தாது.

அட்டவணை மீறிய இடம்

அளவுகோல் நன்றாயிருப்பினும், அளப்பவர் ஓர் உறுப்பையே அளந்துகொண்டிருந்தால் பயிர் கெடும். இதற்குப் பல உதாரணங்கள் உண்டு.

முதலாவது, கரிய ஸ்பானிஷ் கோழி. இஃது ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பெரிய முட்டைக்குப் பேர்பெற்றது. அதன் முகத்திலுள்ள வெண்மை அழகெனக் கருதப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் நடுவர்கள் முகவெண்மைக்கே பரிசை அளிக்க, வளர்ப்போரும் முகத்தையே பெருக்கினர். முகம் பெருகிற்று, உடல் வலிமை குன்றிற்று, குஞ்சுகள் தாங்கவில்லை. நாட்டில் எங்கும் காணப்பட்ட ஜாதி அரிதாகிவிட்டது.

இரண்டாவது, நம் நாட்டு அசில் கோழியின் இரத்தத்திலிருந்து இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் உண்டாக்கப்பட்ட இந்தியன் கேம் என்னும் ஜாதி. அமெரிக்காவில் இதுவே கார்னிஷ் எனப்படும். அகன்ற மார்பும் குட்டையான கால்களும் விரும்பப்பட்டமையால், கண்காட்சி வம்சங்களில் சேவல் பெட்டையோடு இயல்பாகக் கூடுவதே கஷ்டமாயிற்று. முட்டைகளில் கருக்கூடாதவை மிகுந்தன.

மூன்றாவது, பட்டை இறகுள்ள பிளிமத் ராக். பட்டையை உண்டாக்கும் குணம் சேவலுக்கு இரண்டு பங்கும் பெட்டைக்கு ஒரு பங்குமாக இயற்கையிலேயே அமைந்துள்ளது. ஆகையால் சேவல் வெளிறியும் பெட்டை கறுத்தும் காண்பதே அதன் சுபாவம். ஆனால் கண்காட்சியில் இரண்டும் ஒரே சாயலாக நிற்க வேண்டும் என்று வற்புறுத்தப்பட்டது. இதற்காக வளர்ப்போர், பரிசுச் சேவல்களுக்கு ஒரு வம்சமும், பரிசுப் பெட்டைகளுக்கு வேறொரு வம்சமும் வைத்துக்கொள்ள நேர்ந்தது. இதற்கு இரட்டைச் சேர்க்கை என்று பெயர். சேவல் வம்சத்தின் பெட்டைகளும், பெட்டை வம்சத்தின் சேவல்களும் கண்காட்சிக்கு உதவா. செலவு இரட்டித்தது, பொரிக்கும் குஞ்சில் பாதி வீண். இயற்கையோடு வழக்காடியதன் கூலி இதுவே.

நான்காவது, வியாண்டாட் ஜாதியின் ரோஜாக் கொண்டை. எத்தனை தலைமுறை கழித்தாலும் இந்த ஜாதியில் ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகள் இடையிடையே தோன்றிக்கொண்டேயிருந்தன. வளர்ப்போர் இதன் காரணம் அறியாது மயங்கினர். ரோஜாக் கொண்டைக் குணத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற சேவலின் விந்தணுக்களுக்கு ஓட்டம் குறைவு என்பதும், கொண்டையை மாற்றும் அதே மாறுதலே இக்குறையையும் தருகிறது என்பதும் 2012-ல் வெளியான ஆராய்ச்சியால் விளங்கின. ஒருபுறம் மட்டும் அக்குணத்தைப் பெற்ற சேவலே நன்றாகக் கருக்கூட்டுகிறது. அதன் வழியாக ஒற்றைக் கொண்டையும் மறைந்து வருகிறது. கொண்டையை முற்றிலும் சுத்தமாக்க முயன்றவர்கள் தம்மையறியாமலே மலட்டுத் தன்மையை நாடிச் சென்றார்கள்.

இவற்றினும் கொடியது ஜப்பானியக் குள்ளக் கோழியின் குட்டைக் கால். குட்டைக் காலுள்ள சேவலையும் பெட்டையையும் சேர்த்தால், கருக்கூடிய முட்டைகளில் நாலில் ஒன்று ஓட்டுக்குள்ளேயே மடியும். பிழைப்பவற்றில் மூன்றில் ஒன்று நீண்ட காலோடு பிறக்கும். வளர்ப்பவர் எவ்வளவு சாமர்த்தியசாலியாயினும் இக்கணக்கு மாறாது.

கண்ணுக்குப் புலப்படாத குணம்

நடுவர் கண்ணால் காண்பவற்றையே மதிப்பிடுகிறார். முட்டையிடும் சக்தி, நோயைத் தாங்கும் வலிமை, தீனியை உடம்பாக மாற்றும் திறம் ஆகியவை கண்ணுக்குப் புலப்படா. சில வேளைகளில் கண் நேர்மாறாகவும் தீர்ப்புச் சொல்லும். லெகார்ன், பிளிமத் ராக் போன்ற மஞ்சள் கால் ஜாதிகளில், பெட்டை தொடர்ந்து முட்டையிட்டு வருமாயின், மஞ்சள் சத்து முட்டைக் கருவுக்குச் சென்றுவிட, அலகும் காலும் வெளுத்துப்போகும். முட்டையிடாத சோம்பேறிப் பெட்டையின் கால் பொன்போல் மின்னும். கால் நிறத்தை மட்டும் நோக்கும் நடுவர், நன்கு உழைத்த பெட்டையைக் கழித்து, தின்று கிடந்ததற்குப் பரிசு கொடுப்பார்.

முட்டைக் கணக்கைப் பார்த்துத் தெரிந்தெடுத்தால் போதுமோவெனின், அதிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்காவில் மெயின் மாகாண ஆராய்ச்சி நிலையத்தில் 1898 முதல் பிளிமத் ராக் கோழிகளை, முட்டையிட நுழைந்தவுடன் கதவு மூடிக்கொள்ளும் பொறிக்கூடுகளில் விட்டு, ஒவ்வொன்றும் இட்ட முட்டையைக் குறித்து வந்தார்கள். மிகுதியாக இட்டவற்றையே வம்சத்திற்கு நிறுத்தினர். சுமார் பத்து வருஷம் சென்றும் மந்தையின் சராசரி உயரவில்லை. பின்பு பெர்ல் என்னும் ஆராய்ச்சியாளர், தாயின் கணக்கை மட்டும் பார்ப்பது போதாது, மகள்களின் கணக்கைக் கொண்டே பெற்றோரைத் தேர வேண்டும் என்று காட்டினார். அதன் பின்னரே முன்னேற்றம் காணப்பட்டது. சேவல் முட்டையிடாது, அதன் தகுதி அதன் பெண் மக்களிடத்திலேயே வெளிப்படும். இவ்வுண்மை நம் வீட்டுக் கோழிக்கும் பொருந்தும்.

இதற்கிணங்க, இலட்சணத்தை விட்டுப் பயனையே அளக்கும் போட்டிகளும் ஏற்பட்டன. கனெக்டிகட் மாகாணத்து ஸ்டார்ஸ் என்னுமிடத்தில் 1911-ல் முட்டைப் போட்டி தொடங்கிற்று. 1948-ல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்ற இறைச்சிக் கோழிப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. வளர்ப்போர் கோழிகளைக் கொண்டுவரவில்லை, முட்டைகளை அனுப்பினர். அவற்றை ஒரே இடத்தில் பொரிக்க வைத்து, ஒரே தீனியிட்டு, சுமார் 12 வாரம் வளர்த்து, இறகு நீக்கிய உடலையும் தின்ற தீனியையும் கணக்கிட்டனர். கழுவித் துடைத்துக் கொண்டுவரும் ஒற்றைக் கோழிக்கு அங்கே இடமில்லை. அப்போட்டியில் முதற்பரிசு பெற்றது கார்னிஷ், நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய இரு ஜாதிகளின் கலப்பு. பிந்தைய இறைச்சிக் கோழித் தொழில் முழுவதும் அந்த வழியே சென்றது. பரிசின் விதி எப்படியோ, கோழியும் அப்படியே ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் அசில் கோழி

நம்மிடத்தில் பெருவிடை, சிறுவிடை என்று வழங்கும் நாட்டுக் கோழிகளில், பெருவிடை அசில் வம்சத்தைச் சேர்ந்தது. கீரி, மயில், காகம் என நிறத்தால் பெயரிட்டு இதைப் போற்றியவர் நம் முன்னோர். பட்டாணிக் கொண்டை, நீண்ட கழுத்து, உறுதியான தசை, நிமிர்ந்த நிலை ஆகியவை இதன் அடையாளம். அமெரிக்கச் சங்கம் 1981-ல் அசிலைத் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டுக் கோழிக்கு அயலார் இலட்சணம் வகுத்திருக்க, நாம் கலப்பினால் அதை இழப்பது முறையன்று.

அசில் அதிகமாக முட்டையிடுவதன்று. அதை லெகார்னோடு ஒப்பிட்டு இகழ்வது அறிவன்று. அடைகாத்துக் குஞ்சுகளைக் காக்கும் குணமும், வெப்பத்தையும் அலைச்சலையும் தாங்கும் உடலும் அதற்குண்டு; அதன் இறைச்சிக்கு நல்ல மதிப்புமுண்டு. ஆனால் கண்காட்சிக்காக வளைந்த அலகையோ நீண்ட வாலையோ ஒன்றையே நோக்கி, நெருங்கிய உறவில் திரும்பத் திரும்பச் சேர்ப்போமானால், ஸ்பானிஷ் கோழிக்கு நேர்ந்தது இதற்கும் நேரும். தீனியெடுக்க இடைஞ்சலான அலகும், அடைகாக்க மறுக்கும் பெட்டையும் எவ்வளவு அழகாயினும் வம்சத்திற்கு ஆகா.

கண்காட்சியும் நோயும்

பல ஊர்க் கோழிகள் ஒரு பந்தலில் கூடும்போது நோயும் கூடுகிறது. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் கூறும் ராணிக்கேத் நோய், 1926-ல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரருகே கண்டறியப்பட்டது. நம் நாட்டிலோ ராணிக்கேத் மலைநகரின் பெயரைப் பெற்றது. தடுப்பு ஊசி போடாத மந்தையில் நுழைந்தால் கூட்டைக் காலிசெய்துவிடும். பறவைக் காய்ச்சல் 2006-ல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் முதன்முதலாக நம் நாட்டில் வெளிப்பட்டது. ஆகவே முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையில் போடும் ஊசியும் பெறாத கோழியைக் கண்காட்சிக்குக் கொண்டு செல்லலாகாது. திரும்பிவந்த கோழியை மூன்று வாரம் தனிக்கூட்டில் வைத்து, மந்தைக்குத் தீனியிட்டபின் கடைசியாக அதற்குத் தீனியிட வேண்டும். ஒரு வெள்ளிக் கிண்ணத்திற்காக மந்தையைப் பணயம் வைப்பது விவேகமன்று.

வளர்ப்போருக்குச் சில யோசனைகள்

1. ஒரு ஜாதியை மட்டும் எடுத்துக்கொள்க. இரண்டு மூன்று ஜாதிகளை ஒரே முற்றத்தில் விட்டால், சில மாதங்களில் ஒன்றும் மிஞ்சாது.

2. பெட்டைகள் வேறு சேவலோடு இருந்திருப்பின், பிரித்து மூன்று வாரம் கழிந்த பின்னரே பொரிக்க முட்டை சேர்க்க வேண்டும். முன்கூடிய சேவலின் வித்து அதுவரை பெட்டையினுள் நிற்கக்கூடும்.

3. லெகார்ன் போன்ற இலேசான ஜாதியில் ஒரு சேவலுக்குப் பத்துப் பன்னிரண்டு பெட்டைகளும், கனத்த ஜாதியில் எட்டுப் பத்துப் பெட்டைகளும் போதும். அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்திற்கு மேற்படலாகாது.

4. குஞ்சு பொரித்த அன்றே விரலிடைச் சவ்வில் துளையிட்டேனும், பின்னர்க் காலில் வளையமிட்டேனும் அடையாளம் செய்து, தாய் தந்தை விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வருக. கணக்கில்லாத சுத்த ஜாதி, பட்டா இல்லாத நிலம் போன்றது.

5. கழிக்கும்போது முதலில் நோயாளியையும் சோம்பேறியையும் கழிக்க. இரண்டாவது முட்டைக் கணக்கைப் பார்க்க. கொண்டையையும் இறகையும் கடைசியில் பார்க்க. இவ்வரிசையைத் தலைகீழாக்குவதே எல்லாக் கேட்டுக்கும் மூலம்.

6. ஒரே ஜாதியை வளர்க்கும் மூவர் மூன்று ஊர்களில் இருப்பின், வருஷந்தோறும் முதல் ஊர்ச் சேவல் இரண்டாவதற்கும், இரண்டாவது ஊர்ச் சேவல் மூன்றாவதற்கும், மூன்றாவது ஊர்ச் சேவல் முதலாவதற்கும் செல்லுமாறு ஏற்பாடு செய்துகொள்க. பெட்டைகள் அந்தந்த ஊரிலேயே இருக்கட்டும். இதனால் உறவுச் சேர்க்கையின் தீமை வெகுவாகக் குறையும். வெளியிலிருந்து வாங்கும் செலவும் மிச்சமாகும்.

"கலப்புக் கோழி 300 முட்டை இடும்போது எனக்கு ஏன் ஜாதிக் கோழி?" என்று ஒருவர் கேட்கலாம். முட்டை வியாபாரம் ஒன்றே நோக்கமாயின் அவர் கலப்புக் கோழியை வாங்குவதே சரி. ஆனால் அக்கோழியின் குஞ்சுகள் தாயைப்போல் ஆகா. ஒவ்வொரு முறையும் கம்பெனியிடம் குஞ்சு வாங்கியாக வேண்டும். சுத்த ஜாதி வைத்திருப்பவர் விதை வைத்திருப்பவர். அவர் முட்டைக்கும் குஞ்சுக்கும் அக்கம்பக்கத்தார் விலை கொடுப்பது அந்த விதையின் நம்பிக்கைக்காகவே. பரிசு அட்டையை மட்டும் காட்டி விற்பவர், அந்த நம்பிக்கையை இரண்டு வருஷத்திற்குள் இழந்துவிடுவார்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

மாட்டுச் சந்தை, பொருட்காட்சி, திருவிழா ஆகிய சமயங்களில் கோழிகளுக்குப் பரிசு ஏற்படுத்தும் அதிகாரிகளும் பெரிய நிலக்காரர்களும் பரிசின் விதியைச் சற்று மாற்ற வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒற்றைச் சேவலுக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்தி, ஒரு சேவலையும் அதன் நான்கு பெண் மக்களையும் ஒருங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். நூறு மதிப்பெண்களில் இலட்சணத்திற்கு 40, பெட்டைகளின் முட்டைக் கணக்கிற்கு 30, ஐந்தும் ஒரே சாயலாய் இருப்பதற்கு 20, உடல் நலத்திற்கு 10 என்று பங்கிடலாம். முட்டை நோட்டையும் தடுப்பு ஊசிச் சீட்டையும் காட்டாதவரைச் சேர்க்க வேண்டாம். இறகில் சாயமிட்டும், தவறான நிறத்து இறகைப் பிடுங்கியும் கொண்டுவருபவரை எவ்வளவு செல்வாக்குடையவராயினும் திருப்பியனுப்புங்கள்.

கடையில் ஒரு நல்ல சேவலை வாங்கிக்கொண்டுவந்து பரிசடைவது இவ்விதியின்கீழ் இயலாது. வம்சத்தை வளர்த்தவனுக்கே பரிசு கிட்டும். கிராமத்தில் நாலு கோழி வைத்திருக்கும் ஏழைப் பெண்ணும், நோட்டில் கணக்கெழுத ஒருவர் துணையிருந்தால், பெரிய பண்ணைக்காரரோடு சமமாக நிற்கலாம்.

இலட்சண அட்டவணை நல்ல வேலைக்காரன். அதை எஜமானாக்கினால் வீட்டைக் கெடுத்துவிடும். அதை உரிய இடத்தில் வைத்துக்கொண்டு, வலிமையும் பயனும் அழகும் ஒருங்கே அமைந்த கோழி வம்சங்களை ஊர்தோறும் நிலைநிறுத்த நம் குடியானவர்கள் முயல்வார்களாக. வருகிற ஐப்பசியில் குஞ்சு பொரிக்க வைக்கத் தொடங்குமுன்பே ஒரு நோட்டுப் புத்தகமும் சில கால் வளையங்களும் வாங்கி வைத்துக்கொள்வது இதற்கு நல்ல தொடக்கமாகும்.